கால் கிலோ கறி, இரண்டு ஆழாக்கு மொச்சை

காவேரிப்பட்டினம் பேருந்து நிலையத்தைச் சுற்றி மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொதிக்கும் எண்ணெயின் வாசனைதான். எண்ணெய்ச் சட்டி இந்த ஊருக்குப் புதிதல்ல. நிப்பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ஆனால் நிப்பட்டு பலகாரம். இன்றைக்குச் சிக்கன் பகோடாவும் சில்லி சிக்கனும் பலகாரமாக நிற்காமல் இரவுச் சாப்பாட்டின் இடத்தையே பிடித்துவிட்டன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துப் பேருந்தில் இறங்கும் இளைஞர்கள் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் அம்மா களி கிளறி வைத்திருப்பார். பொட்டலம் பிரிந்ததும் குழம்புக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

பயிரைப் பற்றியே எழுதிப் பழகிய எனக்கு, கறி சமைப்பது பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு கேள்விதான் காரணம். கேழ்வரகு சாகுபடிப் பயிற்சி ஒன்றில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் விவசாயி கேட்டது அது. தினமும் ஒரு வேளை களிதான் சாப்பிடுகிறார். கேழ்வரகில் இரும்புச்சத்து இருக்கிறது என்று நாங்கள்தான் சொல்கிறோம். பிறகு ஏன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ரத்தம் குறைவு என்றே சொல்கிறார்கள் என்று கேட்டார். அன்று நான் சொன்னது பாதிப் பதில்தான். மீதிப் பதில் அவருடைய வயலிலும் அடுப்பிலும் இருக்கிறது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 4.6 மில்லி கிராம் இரும்புச்சத்து உண்டு. கொள்ளில் இன்னும் அதிகம், 8 மில்லி கிராமுக்கு மேல். காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தே கேழ்வரகிலும் கொள்ளிலும் 'பையூர்' பெயரில் ரகங்கள் வந்திருக்கின்றன. ஆகவே, நம் ஊரில் தானியத்துக்குப் பஞ்சமில்லை.

சிக்கல் வயிற்றில் நடக்கிறது. கேழ்வரகு, கொள்ளு, மொச்சை எல்லாவற்றிலும் 'பைட்டேட்' என்ற பொருள் இருக்கிறது. விதை முளைக்கும்போது பயன்படுவதற்காகப் பயிர் சேமித்து வைக்கும் மணிச்சத்து அது. இதுவும் கேழ்வரகின் தோலில் உள்ள துவர்ப்பும் சேர்ந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால், தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. இறைச்சியின் சிவப்பில் உள்ள இரும்பு வேறு வகை. அதில் 15 முதல் 25 பங்கு வரை உடலில் சேரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லி கிராம் இரும்பு தேவை; ஆணுக்கு 19 போதும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. களை எடுக்க வருபவர்களில் பாதிப் பேர் என்று எண்ணிப் பாருங்கள். பதினோரு மணிக்கே மூச்சு வாங்குவதும், வரப்பில் உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவதும் 'வெயில்' என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல.

வெனிசுலாவின் அவரையும் நம் மொச்சையும்

1968இல் வெனிசுலா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். அந்நாட்டு ஏழைகளின் உணவு மக்காச்சோளமும் கறுப்பு அவரையும். அதில் உள்ள இரும்பு உடலில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. அதே உணவோடு கொஞ்சம் இறைச்சியோ மீனோ சேர்த்துக் கொடுத்தபோது, அவரையிலும் சோளத்திலும் இருந்த இரும்பே கூடுதலாக உறிஞ்சப்பட்டது. இறைச்சி தன் இரும்பைத் தருவதோடு, கூட வந்த தானியத்தின் இரும்பையும் உள்ளே இழுத்துவிடுகிறது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இது உறுதியாகியிருக்கிறது.

சோளத்தின் இடத்தில் களியையும், கறுப்பு அவரையின் இடத்தில் மொச்சையையும் வைத்துப் பாருங்கள். நம் தாத்தா, பாட்டி காலத்துச் சாப்பாடு அப்படியே வந்து நிற்கும். மானாவாரிக் கேழ்வரகு வயலில் இடையிடையே அவரை, துவரை போட்டார்கள். கார்த்திகை முதல் தை வரை காய்க்கும் அந்த அவரையோடு கொஞ்சம் கறியோ, நாலு துண்டு கருவாடோ போட்டுக் குழம்பு வைத்தார்கள். கறி அதிகம் வாங்க வசதி இல்லாததால் வந்த பழக்கம்தான். ஆனால் வயிற்றுக்குள் அது சரியாகவே வேலை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இறைச்சியும் தானியமும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும் என்பது. ஞாயிறு மதியம் ஒரு கிலோ கறி தின்றுவிட்டுப் புதன்கிழமை வெறும் கீரையோடு களி சாப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கறி புதன்கிழமைக் களிக்கு உதவாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே நாளில் ஒரு கிலோ கறி என்றால் ஆளுக்கு 200 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பருப்பு, முட்டை, இறைச்சி மூன்றும் சேர்த்தே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஒரு கிலோவைக் கால் கிலோவாக வாரத்தில் நான்கு நாள் வாங்கினால் செலவு அதேதான்; களியின் இரும்பு நான்கு வேளை உடலில் சேரும். கறிக்கடையில் கால் கிலோ கேட்பது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை.

வறுவல் துண்டுக்கும் குழம்புக்கும் உள்ள வேறுபாடு

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன கணக்கு அனைத்தும் வீண். நம் வீடுகளில் வறுவல் எண்ணித்தான் பரிமாறப்படுகிறது. வேலைக்குப் போய் வந்த அப்பாவுக்கு நான்கு துண்டு, பிள்ளைகளுக்கு மூன்று, வந்த விருந்தாளிக்கு ஐந்து. கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணுக்குச் சட்டியில் ஒட்டிய மசாலாவும் ஒரு எலும்பும் மிஞ்சும். இரும்பு அதிகம் தேவைப்படுபவர் அவர்தான். பிடிவாதமாக யாரும் இதைச் செய்வதில்லை. துண்டுகள் எண்ணக்கூடியவையாக இருப்பதால் அப்படி நடந்துவிடுகிறது.

கறியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக வெட்டி மொச்சையோடு குழம்பாக வைத்தால் எண்ண முடியாது. கரண்டியில் வருவது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் வரும். கறிக்கடையில் வெட்டும்போதே சொல்லிவிட்டால் சின்னதாகப் போட்டுக் கொடுப்பார்கள். வறுவலைவிடக் குழம்பு நல்லது என்று நான் சொல்வதற்கு எண்ணெய் இரண்டாவது காரணம்தான். இதுவே முதல் காரணம்.

ஐந்து பேருக்கு அளவு சொல்கிறேன். கால் கிலோ ஆட்டுக்கறி, இரண்டு ஆழாக்கு உலர்ந்த மொச்சை. மொச்சையை முதல் நாள் இரவே ஊறப் போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பைட்டேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வயிற்று உப்புசமும் குறையும். நேரமிருந்தால் துணியில் கட்டி முளைக்க வைப்பது இன்னும் நல்லது. பச்சை மொச்சை கிடைக்கும் மாதங்களில் பிதுக்கம் பருப்பாகவும் போடலாம். கறியில் கொழுப்புத் துண்டு இருந்தால் அதை முதலில் சட்டியில் போடுங்கள். அதிலிருந்து உருகுவதே வெங்காயம் வதக்கப் போதும். இல்லாவிட்டால் ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று டீஸ்பூன் கடலை எண்ணெய். பதினைந்து சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் வழக்கம்போல. தக்காளி மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போடுங்கள். ராயக்கோட்டைச் சந்தையில் விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாட்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். கொட்டுவதற்குப் பதில் குழம்பில் போகட்டும். அதன் புளிப்பு இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும். எல்லாவற்றையும் குக்கரில் ஐந்து விசில் விட்டு, இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். இப்படிச் சமைத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். எண்ணெய் ஆளுக்கு ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

வீட்டில் பழைய இரும்புச் சட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தக்காளி சேர்ந்த குழம்பை அதில் கொதிக்க வைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் குழம்பில் இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் நிறம் கறுத்துவிடும்.

சாப்பிட்ட உடனே டீ குடிப்பது நம் வட்டாரத்தில் பெரிய பழக்கம். டீயின் துவர்ப்பு இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்த இரும்பைத் தடுத்துவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இன்னொன்று: ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது. குழம்பு மாத்திரைக்கு மாற்று அல்ல.

நாட்டுக்கோழியும் பிராய்லரும்

வீட்டில் வளர்த்த நாட்டுக்கோழியை ஓசூர் வியாபாரியிடம் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பிராய்லர் பகோடா வாங்குவது இங்கே சாதாரணமாகிவிட்டது. விற்பது தவறில்லை. வருடத்துக்கு ஐந்தாறு கோழியாவது வீட்டுச் சட்டிக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நாட்டுக்கோழி ஓடித் திரிந்து வளர்வதால் சதை இறுகியிருக்கும். அதைப் பொரித்தால் ரப்பர்தான். மெல்லிய தீயில் நிறையத் தண்ணீரில் வெந்தால்தான் சதையை இணைக்கும் நார் கரைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். முட்டைவிட்டு ஓய்ந்த முற்றிய கோழி என்றால் நெல்லிக்காய் அளவு பச்சைப் பப்பாளித் துண்டை அரைத்துக் கறியில் பிசறி அரை மணி நேரம் வைத்தால் போதும். பப்பாளிப் பாலில் உள்ள 'பப்பைன்' சதையை இளக்கும். விறகும் மிச்சம். பிராய்லர் என்றால் தோலை உரித்துவிடச் சொல்லுங்கள். கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் அதை ஒட்டியும்தான் இருக்கிறது.

கோழியைக் குழாயடியில் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். சிதறும் நீர்த்துளிகளோடு கிருமிகள் பக்கத்தில் உள்ள பச்சை வெங்காயம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் போகும். அகன்ற பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்து அலசி, அதை வாசலில் கொட்டாமல் மரத்தடியில் குழி தோண்டி ஊற்றுங்கள். கோழி அரிந்த கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்க வேண்டும். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு தெரியாத அளவுக்கு வேக வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரம் சுழலும் கிரில் கோழியில் எண்ணெய் குறைவு. அந்த வகையில் பகோடாவைவிட மேல். ஆனால் கருகிய இடத்தில் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடிய பொருள்கள் உண்டாகின்றன. கறுத்த பகுதியைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் சுடுவதாக இருந்தால் தயிர், பூண்டு, எலுமிச்சை, மஞ்சள் தடவி ஊறவைத்துத் தணலில் சுட வேண்டும், சுவாலையில் அல்ல.

எண்ணெய்ச் சட்டி

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது உடைந்து புதுப் பொருள்கள் உருவாகின்றன. இவை 25 விழுக்காட்டுக்கு மேல் போன எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. தள்ளுவண்டியில் இதை அளக்கும் கருவி இருக்காது. உங்கள் கண்ணே கருவி. எண்ணெய் கறுத்து, தேன்போல் இறுகி, காய்ந்தவுடன் புகைந்து, கறி போட்டதும் நுரை அடங்காமல் பொங்கினால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சிவப்பு நிறத்தையும் நம்ப வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம், 2024 ஜூனில் கர்நாடக அரசு கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. அங்கே தடை வந்ததென்று இங்கே நிறம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நிறம் வேண்டுமானால் பழுத்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது போதும்.

வீட்டு எண்ணெய்க்கும் ஓர் அளவு உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டு மாதச் சாமான் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே இருந்தால், அந்தக் கூடுதல் பெரும்பாலும் வாணலியில் போயிருக்கும்.

பொரித்த கறியைச் செய்தித்தாளில் கட்டுவது கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியது. சூட்டிலும் எண்ணெயிலும் அச்சு மை கரைந்து கறியில் ஏறும். இந்தப் பக்கத்தையும் படித்த பிறகு வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

மீனும் புளியும்

கே.ஆர்.பி. அணைக்குப் போகிறவர்கள் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்புவதில்லை. எப்போதாவது போய்ச் சாப்பிடுவதில் தவறில்லை. வீட்டில் வறுப்பதானால் மீனை எண்ணெயில் மிதக்க விடாமல், தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் இருபுறமும் திருப்பி எடுங்கள். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்த்தால் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே மீன் கிடைக்கும். பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. வளர்ப்பு முறைகளை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது மலைபோல் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, ஆற்று மீனைவிட மழைநீர்க் குட்டை மீன்மேல் நம்பிக்கை வருவது இயல்பு. ரசாயனக் கழிவு மீனில் சேர்ந்தால் எந்தச் சமையலும் அதை எடுக்காது. குடல், செவுள், ஈரல் ஆகியவற்றை நீக்கிவிடுவது நல்லது.

நம் வட்டாரத்துக்கு மீன் குழம்பில் வேறொரு லாபமும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை எல்லாரும் பார்த்திருப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி வீதம் 18 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் வழியே வெளியேறும் புளோரைடு கூடியது. 2002இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான்; புளியைக் கரைத்துக் குடித்தால் பல்லின் கறை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வேண்டும். இருந்தாலும், நம் ஊர்ப் புளியில் வைத்த மீன் குழம்புக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம். மாங்காய்க் காலத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து, பெங்களூரா மாங்காய்த் துண்டுகளைக் கடைசியில் போட்டு இறக்குங்கள்.

கருவாட்டில் சத்து உண்டு, உப்பும் அதிகம். வெந்நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை கழுவிய பிறகு போட்டால் குழம்புக்குத் தனியாக உப்பே வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அடுப்புக்கு முன்பே

ஆடு, கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடற்புழு மருந்தோ நோய் எதிர்ப்பு மருந்தோ கொடுத்த விலங்கை, மருந்து உடலைவிட்டு நீங்கும் வரை அறுக்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பாட்டில் சீட்டில் இருக்கும், இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அந்த மருந்து முழுதாகப் போய்விடாது. கோழித் தீவனத்தில் கலந்து வந்த 'கொலிஸ்டின்' மருந்தை 2019இல் மத்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. திருவிழாவுக்கு ஆட்டை விற்க நினைப்பவர்கள் மருந்து கொடுத்த தேதியைச் சுவரில் எழுதி வைத்தால் போதும்; வாங்குபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

புரட்டாசியில் பல வீடுகளில் கறி நின்றுவிடும். அந்த மாதத்தில் களியின் இரும்புக்குத் துணை வேறு வழியில் வர வேண்டும். கொள்ளை ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி முளைக்க வைத்துக் கடைந்து, முருங்கைக்கீரை சேர்த்து, இலையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். கேழ்வரகையும் அதேபோல் முளைகட்டிக் காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். அந்த மாவில் களி நன்றாக இறுகாது, கூழுக்குத்தான் சரி. காலையில் வயலுக்குக் கிளம்பும்முன் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போகலாம்.